பிறந்த வீட்டு எண்ணெய்

என் தலையைப் பார்த்தால் எவளும் என்னிடம் எண்ணெய் வாங்க மாட்டாள். நல்லவேளை, வாங்குகிறவர்கள் பார்ப்பதில்லை. அவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். நான் கொல்லிமலையில், அரியூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில், ஓட்டு வீட்டின் பின்பக்கம், விறகடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எழுபது கொண்டை ஊசி வளைவு கிடக்கிறது. பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் முழங்கால் வரை முடி வைத்த ஒருத்தியின் படம் இருக்கிறது. அவள் யாரென்று எனக்குத் தெரியாது. பாட்டில் கட்டி அனுப்புகிற கவிதா எங்கிருந்தோ பிடித்துப் போட்டிருக்கிறாள்.

என் பெயர் மாதம்மாள். வயது ஐம்பத்திரண்டு. ஒன்பது வருசமாகக் கூந்தல் எண்ணெய் காய்ச்சி விற்கிறேன். தேய்த்து முடி வளர்ந்தது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். என் முடிதான் தேங்காய் நார் மாதிரி கிடக்கிறது. பதினோரு மாதம் அதில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை.

எங்கள் வகையறாவில் ஒரு முறை உண்டு. புருசன் செத்தால் பதினாறாம் நாள் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து எண்ணெயும் சீயக்காயும் ஒரு சேலையும் கொண்டு வருவார்கள். அண்ணனோ தம்பியோ அவள் உச்சியில் எண்ணெய் வைப்பான். அதற்குப் பிறகுதான் அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்து முழுகலாம், நாலு பேர் வீட்டுக்குப் போகலாம். அதுவரை அது துக்கத் தலை, வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கூடப் பிறந்தவன் இல்லாதவளுக்குப் பங்காளி முறையில் ஒருத்தன் நின்று வைத்துவிடுவான். ஆனால் அண்ணன் உயிரோடு இருக்கும்போது வேறு கை படக் கூடாது. வருசம் திரும்புவதற்குள் வைத்தாக வேண்டும். திரும்பிவிட்டால் பிறந்த வீட்டுக்கும் அவளுக்கும் அறுந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் அவளாக எடுத்துத் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான், நாதியற்றவள் மாதிரி.

என் வீட்டுக்காரர் ராசப்பன் போன மாசி பத்தாம் தேதி செத்துப்போனார். நான் சொல்லப்போவது அடுத்து வந்த தை இருபத்திரண்டில் நடந்தது.

எனக்கு அண்ணன் இருக்கிறார். செங்கோடன் என்று பெயர். மலையை விட்டு இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் காவல் வேலைக்குச் சேர்ந்தவர். பதினாறாம் நாளுக்கு வராமல் இல்லை. நங்கை பாப்பாத்தியோடு, அதாவது அண்ணன் சம்சாரத்தோடு, முதல் பஸ்ஸுக்கே வந்தார். நான்தான் கெடுத்தேன். எப்படிக் கெடுத்தேன் என்று சொல்வதற்கு முன் எண்ணெய்யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கரிசலாங்கண்ணிச் சாறு, நெல்லிக்காய்ச் சாறு, அரைத்த கறிவேப்பிலை, செம்பருத்தி, வெந்தயம். இவற்றைத் தேங்காயெண்ணெயில் விட்டு இரும்புச் சட்டியில் காய்ச்சுவது யாருக்கும் தெரியும். போனில் கேட்டால் ஆயிரம் பேர் சொல்லிக் கொடுக்கிறார்கள். இறக்குவதுதான் தெரியாது. சாற்றில் இருக்கிற தண்ணீர் முழுக்க வற்ற வேண்டும். அடியில் தங்குகிற வண்டலை விரலில் தேய்த்தால் முதலில் சேறாக இருக்கும், பிறகு மெழுகாக உருளும், கடைசியில் மணலாக நெருடும். மணலான அந்தக் கணம் இறக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் தீய்ந்துவிடும். முந்தினால் ஈரம் தங்கிப் பத்தே நாளில் சிக்கு வாடை வரும். ஈரம் இருக்கிறதா இல்லையா என்று மற்றவர்கள் துணித் திரியை நனைத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள், சடசடக்கிறதா என்று. எனக்குத் திரி வேண்டாம். மூக்கு போதும். அந்த மூக்கில்தான் எனக்குத் திமிர்.

பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். என்னைக் கிழக்கே பார்த்து மணையில் உட்கார வைத்தார்கள். அண்ணன் கிண்ணத்தோடு பின்னால் வந்து நின்றார்.

"தலையக் குனி கண்ணு" என்றார்.

குனிந்தேன். கிண்ணம் என் காதுப் பக்கமாக வந்தது. கடையில் வாங்கிய எண்ணெய் இல்லை, காய்ச்சிய எண்ணெய். கறிவேப்பிலை தெரிந்தது, கரிசலாங்கண்ணி தெரிந்தது. அதற்கடியில் ஈரமும் தெரிந்தது.

"யாரு காய்ச்சுனதுண்ணா இது?"

"உங்க நங்கைதான். நீ காய்ச்சறாப்பலயே காய்ச்சோணும்னு ரெண்டு நாளா ஒக்காந்து காய்ச்சுனா."

நல்லவளாக இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல் இருக்கும். அன்றைக்கு அது பதினாறு நாளாக அங்கேயே நின்றிருந்தது. மிளகு பறிக்க மரம் ஏறி, ஏணி சறுக்கி விழுந்து செத்தவர் என் வீட்டுக்காரர். பனி ஈரம் காயட்டும், பொழுது ஏறிப் போங்கள் என்று காலையில் சொன்னேன். கேட்கவில்லை. செத்தவரை என்ன திட்டுவது? ஊரே அழுகிறபோது அவரைத் திட்டினால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள். கையில் அகப்பட்டது அந்தக் கிண்ணம்.

"ஈரம் போவாம எறக்கியிருக்கறாங்க. பதந் தெரியாதவங்க காய்ச்சுன எண்ணெய் எந் தலைக்கு வேண்டாம். கொண்டுபோயி வெளக்குக்கு ஊத்துங்க" என்றேன். சொன்னதோடு விடாமல் அவர் கையைத் தள்ளியும் விட்டேன்.

எண்ணெய் கொட்டவில்லை. அண்ணன் கெட்டியாகப் பிடித்திருந்தார். பாப்பாத்தி நங்கை வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். முகம் ஒரேயடியாகச் செத்துவிட்டது. அண்ணன் கிண்ணத்தின் மேல் ஒரு வாழையிலைக் கிழிசலை மூடி, "செரி கண்ணு" என்றார். அவ்வளவுதான். சாப்பிடாமல் இரண்டு பேரும் பஸ் ஏறிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. தாலி அறுத்தவளைப் பதினாறாம் நாள் யார் என்ன சொல்வார்கள்?

அந்த எண்ணெயில் ஈரம் இருந்தது நிஜம். அதில் இன்றைக்கும் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் தலையில் வைக்கப்போவது ஒரு சொட்டு. ஒரு சொட்டில் எவ்வளவு ஈரம் இருந்துவிடும்? இது எனக்கு மூன்றாம் நாளே உறைத்தது. உறைத்து என்ன, நானாகப் போய் நிற்க மனம் வரவில்லை. அவர் பெரியவர், அவர் வரட்டும் என்றிருந்தேன். சித்திரை போனது, வைகாசி போனது, வரவில்லை. ஆடியில் நங்கை நம்பரிலிருந்து போன் மேல் போன் வந்தது. பதினாறாம் நாள் திட்டாமல் விட்டதை இப்போது திட்டக் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன். மறுநாளும் அடித்தது. கவிதாவைக் கூப்பிட்டு அந்த நம்பர் வராமல் செய்யச் சொன்னேன். அண்ணன் பேச்சை இந்த வீட்டில் எவரும் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன். அதற்கப்புறம் என் போனில் எண்ணெய் கேட்கிறவர்கள் மட்டும்தான் கூப்பிட்டார்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் இருந்தவரை அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விறகு தள்ளிக்கொண்டிருப்பார். பேசவே மாட்டார். பேசாத ஆள் போனால் வீட்டில் என்ன வித்தியாசம் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். தெரிந்தது. இப்போது நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன். உப்புப் போட்டேனா, போட்டேன். கதவைச் சாத்தினேனா, சாத்தினேன். சாமைச் சோறு ஒரு ஆளுக்கு வடிக்க இன்னும் கை பழகவில்லை, தினமும் மிஞ்சுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. இந்தப் பதினோரு மாதத்தில் என்னைத் தொட்டவர்கள் யார் யார் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பஸ்ஸில் இடித்தவர்கள். காய்ச்சலுக்கு ஊசி போட்ட நர்ஸ். ரேஷன் கடைக்காரர், அதுவும் மாதம் ஒரு தடவை. இலை கசக்கிக் கசக்கி என் விரல் ரேகை தேய்ந்துவிட்டது, மெஷினில் விழாது, அவர் என் கட்டை விரலைப் பிடித்து அழுத்துவார். அவ்வளவு பேர்தான். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. என் உச்சியில் என் அண்ணன் கை ஒரு தடவை பட வேண்டும். அதற்குத்தான் பதினேழு நாள் பாக்கி இருந்தது.

தை இருபத்திரண்டாம் தேதி காலையில் சட்டி வைத்தேன். தை மாதம் எண்ணெய்க்கு நல்ல மாதமில்லை. டின்னில் தேங்காயெண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்து கிடந்தது. கரண்டியால் வெட்டி எடுத்துச் சட்டியில் போட்டேன். உருகிச் சாறு ஊற்றிக் கொதித்து, நுரை அடங்குகிற நேரத்துக்குக் கவிதா வந்தாள்.

கவிதா பக்கத்து வளவுக்காரி. முப்பது வயதுக்குள் இருப்பாள். நான் காய்ச்சுவேன், அவள் போனில் ஆர்டர் பிடித்துப் பாட்டிலைக் கட்டிச் செம்மேட்டுக்குக் கொண்டுபோய் அனுப்புவாள். அவள் வீட்டுக்காரர் தனபால் சின்ன லாரி ஓட்டுகிறார், இங்கிருந்து வாழைத்தார் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கீழேயிருந்து கோழி எரு ஏற்றி வருவார். நல்ல பெண். வாய் மட்டும் ஓயாது.

"பெரீம்மா, ஒரு வீடியோ எடுக்கோணுங்க" என்றாள்.

"எடுத்துக்க. சட்டியெல்லாம் இருக்குதல்லோ."

"சட்டி எடுத்தாச்சுங்க. எண்ணெய் காய்ச்சுற அம்மா முடியக் காட்டுங்கன்னு நாலஞ்சு பேரு கேக்கறாங்க. முடியக் காட்டுனா இன்னும் ஆர்டர் வருமுங்க."

"எம் முடியக் காட்டுனா வர்ற ஆர்டரும் ஓடிப்போயிரும்."

அவள் சிரிக்கவில்லை. என் முக்காட்டைப் பார்த்தாள். நான் வண்டலைக் கரண்டியில் எடுத்து ஊதி விரலில் தேய்த்தேன். மெழுகுப் பதம். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

"கோவிச்சுக்காதீங்க பெரீம்மா. மாசி நெருங்கிருச்சு. செங்கோடன் மாமாதான் வெக்கோணுமுங்களா? வேற ஆரையாச்சும் உட்டு வெச்சுக்கக் கூடாதுங்களா?"

அண்ணன் பெயரை எடுக்கக் கூடாதென்று சொல்லியும் எடுக்கிறாள் என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"எங்கண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில வேற எவங் கையி எந் தலையில படறது? அவரு ரோசக்காரரு. தங்கச்சி நாதியத்துப் போவட்டும்னு ஒக்காந்திருக்கறாரு. ஒக்காந்திருக்கட்டும்."

கவிதா போனை இடுப்பில் செருகினாள். பிறகு எடுத்தாள். மறுபடி செருகினாள்.

"குத்துக்கல்லாட்டமெல்லாம் இல்லீங்க பெரீம்மா."

"என்னடி சொல்ற?"

"ஆடியிலயே மாமாவுக்குப் பக்கவாதம் வந்துருச்சுங்க. சோத்துக் கை அப்பிடியே உழுந்துருச்சு. காலும் இழுத்துக்கிட்டுத்தான் நடக்கறாராம். எங்கூட்டுக்காரரு எரு ஏத்தப் போனப்பப் பாத்துட்டு வந்து சொன்னாரு. நீங்க பேரெடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. மாமாவும் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லியுட்டாருங்க."

"ஆடியில எப்ப?"

"மாசக் கடைசியிலீங்க. அந்த அத்தை போன் போனாப் போட்டாங்களே, அப்பத்தானுங்க. நீங்கதான் அந்த நம்பர வராமப் பண்ணச் சொன்னீங்க. நாந்தான் பண்ணிக் குடுத்தேன். எனக்கு அப்பத் தெரியாதுங்க, சத்தியமா."

அவள் அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நங்கை என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் அடித்த ஒவ்வொரு தடவையும் நான் இதே அடுப்பு முன்னால் உட்கார்ந்து போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடிக்கட்டும், இன்னும் அடிக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட இருந்தது. அதை நினைத்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

"பெரீம்மா, சட்டி" என்றாள் கவிதா.

புகை வந்துகொண்டிருந்தது. மணல் பதம் எப்போதோ தாண்டிவிட்டது. இறக்கிப் பார்த்தால் வண்டல் கரியாகி, எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை வீடெல்லாம் சுற்றியது. ஒன்பது வருசத்தில் நான் தீய விட்ட முதல் சட்டி அது. எட்டு லிட்டர். கவிதாதான் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப் பக்கம் வைத்தாள்.

போகும்போது அந்த நம்பரை மறுபடி வரும்படி செய்துவிட்டுப் போனாள். நான் கூப்பிடவில்லை. போனில் என்ன சொல்வது?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். கையில் ஒரு சீப்பு மலைவாழைப் பழம், கொஞ்சம் சாமை அரிசி, மிளகு ஒரு பொட்டலம், போன மாதம் காய்ச்சியதில் இரண்டு பாட்டில் எண்ணெய். ஏறும்போது பாட்டிலில் எண்ணெய் கெட்டியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வளைவுகளை எண்ணினேன். இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன். வழி முழுக்க அங்கே போய்ச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் எனக்குச் சாதகமாகவே வந்தது. அடிவாரம் காரவள்ளிக்கு வருவதற்குள் பாட்டிலில் எண்ணெய் உருகிவிட்டது. நான் சொல்ல நினைத்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பண்ணைக்குள் நாலு வீடு வரிசையாக இருக்கும், தகரம் போட்டது. கோழி வாடை ரோட்டிலேயே ஆரம்பித்துவிடும். மூன்றாவது வீட்டு வாசலில் பாப்பாத்தி நங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி என் தலையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"வாங்க" என்றார். வீட்டுக்கு வந்தவர்களைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"நங்கை, நீங்க போன் அடிச்சப்ப நாந்தான் எடுக்கல."

"பதினோரு தடவ அடிச்சேன். செத்துருவாருன்னு டாக்டரு சொன்னாரு. அவுரு உங்க பேரத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. வாயி கோணிப் போச்சு, மத்த பேச்செல்லாம் வெளங்கல, மாதம்மாங்கறது மட்டும் வெளங்குச்சு."

அவர் இன்னும் திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் திட்டவில்லை. பையை வாங்கிக்கொண்டார். எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, வெளியே எடுக்காமல் பையிலேயே விட்டார்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது செரிதான். அந்த எண்ணெய் எட்டாம் நாளே சிக்கடிச்சுப் போச்சு. வெளக்குக்குத்தான் ஊத்துனேன்" என்றார்.

இதைக் குத்திக்காட்டச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. எப்படிச் சொல்லியிருந்தாலும் எனக்கு அது வேண்டியதுதான்.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால், வெயில் விழுகிற இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்து, சட்டை தொளதொளவென்று கிடந்தது. வலது கை மடியில் இருந்தது, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வந்தியா கண்ணு" என்றார். நாக்கு தடித்திருந்தாலும் பேச்சு விளங்கியது.

முக்காடு நழுவியிருந்தது. நான் சரிசெய்வதற்குள் பார்த்துவிட்டார்.

"இன்னும் வெச்சுக்கலியா நீ?"

"நீங்க வெக்காம ஆருண்ணா வெக்கறது?"

கூண்டுகளில் கோழிகள் கத்திக்கொண்டே இருந்தன.

"ஆடி கழிஞ்சதும் வரோணும்னுதான் இருந்தேன். நீ வெரட்டுனாலும் வெச்சுப்போட்டு வந்தர்லாம்னு. லீவுகூடச் சொல்லி வெச்சிருந்தேன். அதுக்குள்ள கை போயிருச்சு" என்றார்.

"இப்ப வெய்ங்கண்ணா. அதுக்குத்தான் வந்தேன்."

"எதுல வெக்கறது?" இடது கையைத் தூக்கிக் காட்டினார். "இதுல வெக்கக் கூடாது கண்ணு. நீ பட்டது போதாதா? நானும் ஒரு குத்தத்த உண்டுபண்ணி உடோணுமா? வேற ஆரையாவது அண்ணன்னு நிக்க வெச்சு வெச்சுக்க. நாஞ் செத்துட்டாப்பல நெனச்சுக்க."

அந்தக் கடைசி வார்த்தையில் என் கோபம் பழையபடி மூக்குக்கு மேல் வந்தது. இந்தத் தடவையும் அதைத் தடுக்கவில்லை.

"நெனைக்க மாட்டேன்" என்றேன். "நங்கை, உங்க ஊட்டு எண்ணெய் ஒரு கரண்டி கொண்டாங்க."

பாப்பாத்தி நங்கை அசையவில்லை. "கடையில வாங்குன தேங்காயெண்ணெய்தானுங்க இருக்குது. நாங் காய்ச்சறத உட்டுட்டேன்" என்றார். "உங்குளுதுதான் பையில இருக்குதே."

"எங்குளுது ஆவாது. பொறந்த ஊட்டுதுதான் வேணும். அதையே கொண்டாங்க."

சின்னக் கிண்ணத்தில் லேசாகச் சூடு காட்டிக் கொண்டுவந்தார். பாக்கெட் பிரித்து ரொம்ப நாளான எண்ணெய். மூக்கு சொன்னது. வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணனுக்கு முன்னால், கிழக்கே பார்த்து, அவர் முழங்காலில் முதுகு படும்படி தரையில் உட்கார்ந்தேன். முக்காட்டை எடுத்துவிட்டேன். பின்பக்கம் திரும்பி அவர் வலது கையை எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, கைக்கு அவ்வளவு கனம் உண்டென்று. மனிதர்கள் கையைத் தாங்களே தூக்கிக்கொண்டு திரிவதால் நமக்குத் தெரிவதில்லை. வெயிலில் இருந்தும் சில்லென்று இருந்தது. விரல்கள் உள்பக்கம் மடங்கி இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டு விரலைப் பிரித்தால் மோதிர விரல் மடங்கிக்கொள்ளும். நங்கை கிண்ணத்தைக் கீழே கொண்டுவந்து பிடித்தார். விரல் நுனிகளை அதில் தோய்த்தேன்.

"வேண்டாங் கண்ணு, இது கையே இல்ல" என்றார் அண்ணன்.

இரண்டு கையாலும் அதைத் தூக்கி என் தலைக்கு மேல் கொண்டுபோனேன். முதல் தடவை காதோரமாகச் சரிந்துவிட்டது. மறுபடி தூக்கி உச்சியில் வைத்து, மேலே என் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன். எண்ணெய் வகிட்டில் இறங்கி நெற்றிக்கு வந்தது. பதினோரு மாதமாகக் காய்ந்த தோல், தொட்டதும் எரிந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பாப்பாத்தி நங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பின்னால் அண்ணன் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. அவர் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"வெச்சுட்டனா கண்ணு?"

"வெச்சுட்டீங்கண்ணா."

"எனக்குத் தெரியலியே."

"எனக்குத் தெரியுதுண்ணா" என்றேன்.

என் கையை எடுத்தால் அவர் கை விழுந்துவிடும். அதனால் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.